சோளத்தட்டையில் எடுத்த எண்ணெய்

கோம்பை
9-2-1944

சிரஞ்சீவி சுருளிவேலுக்கு அப்பா ராக்கையா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் நாயும் சுகம். நாய் கொஞ்சம் கூடுதல் சுகம், அதற்குப் பேச்சுத்துணைக்கு நான் இருக்கிறேன். பெங்களூரில் நீயும் உன் ஆராய்ச்சிச்சாலைக் குடுவைகளும் சுகம்தானே?

நிற்க. சோளத்தட்டைக்குள்ளே ஒரு சர்க்கரை ஒளிந்திருக்கிறது, திராவகம் விட்டுக் காய்ச்சினால் அது பாதாம் வாசனையுள்ள எண்ணெயாக மாறும், அந்த எண்ணெயிலிருந்து மருந்து, வார்னிஷ் என்று என்னென்னவோ செய்யலாம், திராவகம் மட்டும் செலவாகாமல் அடியில் அப்படியே கிடக்கும் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா காரியத்துக்கு வந்துபோன பிறகு, இரண்டு வருஷமாக உன் கடிதமெல்லாம் இப்படித்தான். வருகிறேன் என்று எழுத மட்டும் இடம் போதவில்லை. சரி, அந்த எண்ணெயை இங்கேயே எடுத்துவிட்டால் பிள்ளை பார்க்க வராமலா போவான் என்று நானே இறங்கிவிட்டேன். திராவகம் கேட்டால் நகைப்பத்தர் குருசாமி கையை விரித்துவிட்டார். புளிப்புதானே வேண்டும் என்று இரண்டு வீசை புளியைக் கரைத்து, உன் அம்மாவின் செம்பு அண்டாவில் தட்டையை நறுக்கிப் போட்டு, வாயை மண்ணால் பூசி, மூங்கில் குழாய் சொருகி எரித்தேனா, தெருவே மணக்கிறது. எதிர்வீட்டுச் சங்கிலியம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றது.

"மகன் வந்துட்டானாண்ணே? இம்புட்டு ரசம் வைக்கிறீக?"

என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. பின்னாலேயே ஏட்டையா வந்தாக. குழாயைப் பார்த்ததும் சாராயம்தான் என்று முடிவுகட்டி, சாட்சிக்காக ஒரு மடக்குக் குடிச்சுப் பார்த்தாக. உப்புப் போடலையே என்று என்னை வஞ்சுட்டுப் போனாக.

நான் விடவில்லை. மூணாம் நாள் குழாய் முனையில் எண்ணெய் சொட்டுச்சொட்டாக இறங்கிவிட்டது. ஒரு சின்னப் புட்டி நிறைய, நீ எழுதின அதே பாதாம் வாசனை. தபாலில் அனுப்பினால் உடைந்துபோகும். லீவு போட்டு நீயே வந்து பார். சரியென்றால் இங்கேயே ஒரு கொட்டகை போட்டுத் தொழில் ஆரம்பிக்கலாம். தோதுப்படாவிட்டால் வரவேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அந்தத் திராவகம் மாதிரி அடியில் அப்படியே கிடக்கிறேன்.

சுருளி வேலப்பர் உனக்குத் துணையிருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: எண்ணெய் இறங்கவில்லை. அண்டாவில் இருப்பது புளித்தண்ணியும் வெந்த தட்டையும்தான், எருமைகூட மோந்து பார்த்துட்டுப் போயிருச்சு. புட்டியில் இருப்பது உத்தமபாளையத்து அத்தர்க்கடையில் வாங்கினது. நீ மூக்கில் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவாய், தெரியும். சங்கிலியம்மாளுக்குச் சொன்ன பதிலும் ஞாபகமிருக்கிறது. "நாளைக்கு வாரான் தாயி" என்றேன். சொல்லி ஒன்பது நாளாகிறது.