இறக்கு நானா ஏற்றிய வள்ளம்

ஏற்றி முடித்த வள்ளத்தைக் கண்டால் பொறுக்க மாட்டாத மனிதர் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் முழுக்க ஒரேயொருவர்தான் இருந்தார். அந்த ஒருவரும் நான் சமைத்த வெள்ள முகாமுக்குத்தான் வந்து சேர்ந்தார். வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; எங்களுக்கு அவர் ‘இறக்கு நானா’.

மகாவலி பெருகி வயலும் தெருவும் ஒன்றாய்க் கிடந்த நாட்கள். மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். குசினி என் பொறுப்பு. முந்நூறு பேருக்கு உலை வைத்தேன். உப்புப் பார்க்க ஒருவரையும் கூப்பிட்டதில்லை. மூட்டையில் ஒட்டிய கடதாசியை நான் வாசிப்பதில்லை. தட்டிப் பார்த்தே அரிசியா பருப்பா என்று சொல்லிவிடுவேன்.

தெற்கே இருந்த ஊர்களுக்கு எங்கள் துறையிலிருந்துதான் வள்ளத்தில் சாமான் போனது. வழியில் இரண்டு இடம் நின்று, கடைசியாக இலங்கைத்துறை. அங்கேதான் என் மகள் இருந்தாள், பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தூளை வறுத்து இடித்து, பால்மாத் தகரப் பேணியில் அடைத்து, வள்ளத்தின் உச்சியில் பத்திரமாக வைத்து இரண்டு தரம் அனுப்பினேன். இரண்டு தரமும் போய்ச் சேரவில்லை.

அந்த எரிச்சலில் நான் நிற்கும்போதுதான் இந்த மனிதர் வந்தார். தலையில் துவாய், முழங்காலுக்கு மேல் மடித்த சாரம், வாயில் இரண்டே பல். நாற்பது வருடம் கப்பலின் அடித்தட்டில் மூட்டை அடுக்கியவராம். வள்ளம் நிறைந்து என்ஜினும் உறுமுகிறது. இவர் கையை உயர்த்தினார்.

“இறக்கு!”

“என்னத்த நானா?” என்றார் வள்ளக்காரர்.

“எல்லாத்தையும்.”

நனைந்து நனைந்து இறக்கினார்கள். திரும்ப ஏற்றினார்கள். அதற்குள் ஏற்றுகிறவர்களுக்கு நான் கட்டிய சோற்றுப் பார்சல் ஆறிப் பச்சைத்தண்ணீர். மறுநாளும் அதே கூத்து. துறையில் ஏற்ற ஒன்றும் இல்லாவிட்டால் மனிதர் என் குசினிக்குள் நுழைவார். ஒருநாள் அலுமாரியைத் திறந்து, “இறக்கு” என்றார். அகப்பையோடு கேற்றுவரை துரத்தினேன். அந்த வயதில் அப்படி ஓடிய மனிதரை நான் கண்டதில்லை.

ஒருமுறை படம் பிடிக்கிற ஆட்களோடு பெரிய மனிதர் ஒருவர் வந்து வள்ளத்தில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

“ஐயா எதுவரைக்கும்?” என்று கேட்டார் நானா.

“முதல் துறை மட்டும்.”

“அப்ப கடைசியா ஏறுங்கோ. இறங்குங்கோ.”

இறங்கினார். சாமான் ஏறி முடிய, கால் வைக்கவும் இடமில்லை. பெரிய மனிதர் கரையில் நின்றபடி கையசைத்துப் படம் எடுப்பித்துக்கொண்டு போனார்.

மூன்றாவது பேணியை நானே கொண்டுபோய் உச்சியில் வைத்தேன். நான் திரும்பு முன்பே குரல் வந்துவிட்டது.

“இறக்கு!”

“நானா, அது என்ர மகளுக்கு. அதில கை வைச்சா நான் மனிசியா இருக்க மாட்டன்!”

“மகள் எங்க?”

“இலங்கைத்துறையில.”

“கடைசி ஊருக்குப் போறத மேல வைப்பாங்களா தங்கச்சி? முதல் துறையில அடியில கிடக்கிறத எடுக்க, இதத்தானே கரையில இறக்கி வைக்கோணும். பசிச்ச சனத்துக்கு முன்னால இறக்கினது திரும்ப ஏறுமா?”

முதல் ஆளாக நானே பேணியை இறக்கினேன்.

முழு வள்ளமும் வெறுமையானது. வெறும் பலகையில் முதலில் என் பேணி. அதற்கு மேல் இலங்கைத்துறைக்கான அரிசி. அதற்கு மேல் நடு ஊருக்கு உரியது. உச்சியில் முதல் துறைக்கு உரியது.

“ஐயோ நசுங்கப்போகுது!”

“பேணி நசுங்கும். தூள் நசுங்காது. நீங்க போய்ச் சோத்தப் பாருங்கோ, அடிப்பிடிக்குது.”

அடிப்பிடித்துத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தரம்.

பொழுது சாய வள்ளக்காரர் பேணியைக் கொண்டுவந்து தந்தார். ரொட்டிபோலத் தட்டையாகி, கழுவி வெறுமையாக. “மகள் சொல்லிவிட்டவ: அம்மாட கைதானாம், ஆனா மிளகு கூடிப்போச்சாம்.” மிளகு கூடவில்லை. அவளுக்கு அழுகை வந்திருக்கும், அதற்கு மிளகைச் சாட்டுகிறாள்.

நானா ஒரு மூலையில் கதிரையில் சாய்ந்து, பானையின் அடியில் மிஞ்சிய கருகலைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். எல்லா வள்ளமும் போய், எல்லோரும் தின்று முடிந்த பிறகுதான் தினமும் அவர் சாப்பாட்டுக்கு வருவார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து முகாம் கலையும்வரை, விடிய நான் கட்டும் முதல் பார்சல் அவருடையது. துறைக்குப் போகும் பெட்டியின் அடியில் வைத்து, அதற்கு மேல்தான் மற்றவர்களுடையதை அடுக்கினேன்.