செவந்தியம்மாளும் செங்கால் நாரையின் விசா ஜன்னலும்

ஒரு காட்டில் நடந்த கதை இது. சத்தியம்! கற்பூரத்தை அடித்து அணைத்துச் சொல்கிறேன், ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் நாளைக் காலையில் வாய் கொப்பளிக்கும்போது என் பல்செட் தண்ணீரோடு போகட்டும்.

அந்தக் காட்டில் செவந்தியம்மாள் என்றொரு நட்சத்திர ஆமை இருந்தாள். அவளுடைய ஒரே மகள் மரகதம் இருந்தது ஐரோப்பாவில், பனி கொட்டுகிற ஒரு நாட்டில். போனது என்னவோ ஒரு திருட்டுப் பயலின் பெட்டிக்குள், சாக்ஸில் சுருட்டப்பட்டு. அங்கே விமான நிலையத்தில் பிடித்து, மிருகக்காட்சி சாலையில் கொண்டுபோய் விட்டார்கள். இதையெல்லாம் செவந்தியம்மாள் விலாவாரியாகச் சொல்வதில்லை. "பொண்ணு ஃபாரின்ல செட்டில் ஆயிட்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

மரகதத்துக்கு இப்போது தலைப்பிரசவம். முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதாக வலசைப் பறவைகள் சேதி கொண்டுவந்தன. பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

"அவ போன மாதிரி பெட்டியில எல்லாம் போக மாட்டேன்டா வைரவா. முறையா விசா எடுத்து, தலை நிமிர்ந்து போவேன்," என்றாள், டிராவல் ஏஜென்ட் ஓணானிடம்.

வைரவன் தலையை ஆட்டினான். அந்தத் தொழிலுக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். வந்தவர்கள் அதை 'ஆகும்' என்று எடுத்துக்கொள்வார்கள்.

"ஆகும் அத்தே. ஒரு போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க. ரெண்டு காதும் தெரியணும்."

"எனக்கு ஏதுடா காது?"

"இல்லைன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கலாம். அப்புறம், போற இடத்துல விழுந்து கிழுந்து அடிபட்டா இன்சூரன்ஸ் வேணுமாம்."

"என் முதுகைக் கடிச்ச நரி பல்லு போய் இன்னைக்கும் கூழ்தான் குடிக்குறான். எனக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?"

"நரிப் பல்லை அவங்க ஏத்துக்க மாட்டாங்க அத்தே. பேப்பர்தான் வேணும்."

விசா ஜன்னல் ஏரிக்கரையில் இருந்தது. வரிசை அவளைவிட மெதுவாக நகர்ந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு ஆமைக்குப் பொறுமை போனது. அவளுக்கு முன்னால் நின்ற முயல் அழுதுகொண்டே வெளியே வந்தான். 'தனியாகப் போய் ஊராகப் பெருகிவிடுவீர்கள்' என்று அவனுக்கு மறுத்துவிட்டார்களாம்.

ஜன்னலுக்குள் அந்தப் பனி நாட்டு அதிகாரி செங்கால் நாரை ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு கால் எதற்கு? முத்திரை குத்த.

"எதுக்குப் போறீங்க?"

"மகளுக்குப் பேறுகாலம் பாக்க ஐயா."

"மகள் எந்த விசாவுல போனாங்க?"

செவந்தியம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாரை அடுத்த கேள்விக்குப் போனார்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன உத்தரவாதம்? ஊர்ல சொந்த வீடு இருக்கா?"

தலை சட்டென்று வெளியே வந்தது. இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் தவம் கிடந்தாள். "இருக்கே! பரம்பரை வீடு. இதோ, முதுகுல!"

நாரை கழுத்தை நீட்டி ஓட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது உங்ககூடவே வருமா?"

"பின்னே? கழட்டி ஆணியிலயா மாட்டிட்டு வர முடியும்?"

"அப்போ வீட்டையே தூக்கிக்கிட்டுக் கிளம்புறீங்க. இதுக்குப் பேரு விசிட் இல்லம்மா, குடிபோறது." காலைத் தூக்கி முத்திரையைக் குத்தினார். நிராகரிப்பு.

செவந்தியம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மட்டும் வருஷா வருஷம் குளிருக்குப் பயந்து எங்க குளத்துக்கு வந்து, தவளையெல்லாம் தின்னு தீத்துட்டுப் போறீங்களே. நாங்க என்னைக்காவது வீடு இருக்கா வாசல் இருக்கான்னு கேட்டோமா?"

"நாங்க வந்தா அது சுற்றுலா. நீங்க வந்தா அது ஊடுருவல். அடுத்த ஆள்!"

வெளியே வைரவன் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான். "மறுபடி போட்டுப் பாக்கலாம் அத்தே, ஆகும்."

"உன் தலை சுளுக்கிக்கப் போகுதுடா," என்று சொல்லிவிட்டு நடந்தாள். மகள் வலியில் 'அம்மா' என்று கூப்பிடுவதுபோலவே இருந்தது.

அன்று சாயங்காலம் கள்ளிப் புதர்ப் பக்கம் ஆமை கடத்துகிற பெட்டிக்காரன் ஒருவன் வந்தான். செருப்புச் சத்தம் கேட்டதும் மற்ற ஆமைகள் கல்லோடு கல்லாகக் கிடந்தன. செவந்தியம்மாள் மட்டும் குறுக்கே போய் நின்று, அவன் கால் பெருவிரலில் மூக்கால் தட்டினாள். ஆமை பிடித்தே வயிறு வளர்த்தவன் அவன். தானாக வந்து ஏறுகிற ஆமையை அன்றுதான் பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டு, இருப்பதிலேயே புது சாக்ஸாக எடுத்துச் சுற்றினான்.

பனி நாட்டில் இறங்கியதும் அவனைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். செவந்தியம்மாளுக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! ஒருத்தர் நாடி பார்த்தார். ஒருத்தர் வெதுவெதுப்பான விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கீரையை ஊட்டாத குறை. ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. பறிமுதல் ஆன ஆமைகளுக்கு அந்த ஊரில் ஒரே இடம்தான். ஆகவே அரசாங்க வண்டியிலேயே மகள் காலடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். மரகதம் முட்டையிடும்போது அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

பேரன் பேத்திகள் முட்டையை உடைத்து வெளியே வந்து, கீரை கடிக்கப் பழகினார்கள். செவந்தியம்மாள் அங்கே காவலுக்கு இருந்த வாத்திடம் போனாள். "வந்த வேலை முடிஞ்சுது தம்பி. ஊருக்குக் கிளம்புறேன்."

வாத்து பதறிவிட்டது. "அதெப்படிம்மா? அருகி வர்ற இனமாச்சே நீங்க! இப்போ எங்க நாட்டுச் சொத்து. உங்களை வெளியே விட எங்க யாருக்கும் அதிகாரம் கிடையாது."

செவந்தியம்மாள் கழுத்தை நன்றாக வெளியே நீட்டினாள். "இதை அந்த நாரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. நான் திரும்ப மாட்டேன்னு ரொம்பக் கவலைப்பட்டாரு, பாவம்."

நீதி: பயணியாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள், பறிமுதல் பொருளாகப் போனால் வெளியே விட மாட்டார்கள். ஆகவே குழந்தைகளே, நேர்மையாக நடந்து வீட்டிலேயே கிடங்கள்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். வருகிற புதன்கிழமை எனக்கும் ஒரு விசா ஜன்னலில் வேலை இருக்கிறது.