உருட்டுவோர் பாதை

பொதுமக்கள் நடக்கிறார்கள் என்பதை அரசாங்கம் ஒருநாள் கண்டுபிடித்தது. அது தொண்ணூறுகளின் தொடக்கம். கண்டுபிடித்த கையோடு, நடப்போர், உருட்டுவோர், மிதிப்போர் ஆகிய மூவகையினருக்கும் அவரவர் கருத்தைக் கேட்டே பாதை அமைக்கப்படும் என்று உத்தரவும் போட்டது. மக்களைக் கேட்டுச் செய்வதுதான் அப்போது மேலிடத்தில் மோஸ்தர். உத்தரவு பல மேசைகளில் இளைப்பாறிவிட்டுத் திருச்சுழிப் பக்கத்துப் பொட்டலூருக்கு வந்து சேர்ந்தபோது, மெய்யாகவே சந்தோஷப்பட்டவன் முத்துராஜ் ஒருவன்தான்.

முத்துராஜுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு காலும் சூம்பிவிட்டன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் போக்குவரத்து. பஸ் நிற்கும் விலக்கு ரோட்டில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். ஊருக்கும் விலக்குக்கும் நடுவே கரிசல் மண் தடம். ஒரு மழை பெய்தால் போதும், மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகர விடாது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கடை பூட்டியே கிடக்கும். சரளை போட்டு இறுக்கிய ஒரு பாதை வந்துவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான்.

ஆய்வுக்கு வந்தவர் பாதைத் திட்ட அலுவலர் அருஞ்சுனை. நல்ல மனிதர், வெயில்தான் ஆகாது. அந்தத் தடத்தில் நிழல் என்று இருந்தது கருப்பசாமி கோயில் வேப்பமரம் ஒன்றுதான். அதனடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, போவோர் வருவோரைப் பார்வையிட்டார்.

கருப்பசாமிக்கு முன்னால் யாரும் சைக்கிளில் ஏறிப் போவதில்லை. எல்லைக் கல்லுக்கு அருகே இறங்கி, செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டி, உருட்டிக்கொண்டே கோயிலைக் கடந்து, அப்புறம்தான் ஏறுவார்கள். இறங்குவதும் ஏறுவதும் மரத்தடியிலிருந்து பார்த்தால் தெரியாது. பருத்திப் பொதி ஏற்றி வந்தவனும் இறங்கினான். புதிதாகச் சைக்கிள் பழகி, ஆளில்லாத இடத்திலும் மணியடித்துத் திரிந்த வெள்ளைத்தாயும் இறங்கினாள். முத்துராஜுக்கு இறங்க வழியில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே போனான். அருஞ்சுனை வியந்து குறித்துக்கொண்டார்: "உருட்டுவோர், ஊரார் அனைவரும். மிதிப்போர், ஒருவர், அவரும் கையால்."

மாலையில் அதே மரத்தடியில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"இங்கே யாராவது சைக்கிளில் ஏறி ஓட்டுவதுண்டா?" என்றார் அருஞ்சுனை.

பூசாரி தங்கசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்கயா? என்னங்கய்யா இப்பிடிக் கேட்டுப்புட்டீக! எங்க பாட்டன் காலத்துல இருந்து உருட்டித்தான் போறோம்."

முத்துராஜ் பதறினான். "சார், அது கோயிலுக்கு முன்னாடி மட்டுந்தான். அங்கிட்டுப் போயி எல்லாரும் ஏறித்தான் மிதிப்பாக. நெசத்தச் சொல்லுங்க மாமா!"

தங்கசாமி அவன் காதருகே குனிந்தார். "ஏலே, சாமிக்கு முன்னால நின்னுக்கிட்டு ஏறுவோம்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

வெள்ளைத்தாய் தன் சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பெரும்பான்மையோரின் பழக்கத்தைப் பேணுவதே மக்கள் பங்கேற்பு. எனவே உருட்டுவோர்க்கு முன்னுரிமை" என்று அறிவித்தார் அருஞ்சுனை. ஊரார் கைதட்டினார்கள். எப்படியும் ஒரு பாதை வருகிறதே!

வந்தது. பழைய தடத்தின் மேலேயே, அருமையான சரளைப் பாதை. உருட்டும் பண்பாட்டை எவரும் கெடுத்துவிடக் கூடாதென்று இரண்டு முனையிலும் இரும்புக் குழாய்கள் நட்டிருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓர் ஆள் வளைந்து நுழையலாம். மூன்று சக்கர வண்டி நுழையாது; சுற்றிப் போகலாமென்றால் இருபுறமும் பள்ளம். ஊரார் குழாயைத் தாண்டியதும் வழக்கம்போல் ஏறி மிதித்தார்கள். முத்துராஜ் குழாய்க்கு இந்தப் பக்கம் அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். முன்பு மழை பெய்தால்தான் கடை பூட்டிக் கிடக்கும்.

ஊரார் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்லர். நாலு பேர் சேர்ந்து அவனை வண்டியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். விலக்கு முனையில் இன்னொரு தரம். சாயங்காலம் திரும்பவும்.

"கவலப்படாதலே, நாங்க இருக்கோம்ல" என்றார் தங்கசாமி. முத்துராஜின் கவலையே அதுதான். தூக்குவதற்கு யாராவது நாலு பேருக்கு ஒழிந்த நேரமே அவன் கடை திறக்கும் நேரம் என்றாயிற்று.

மறுவருஷம் மதிப்பீட்டுக்கு வந்த அருஞ்சுனை, வெயிலுக்குப் பயந்து குழாயருகே ஜீப்பிலேயே அமர்ந்திருந்தார். நாலு பேர் வண்டியைத் தூக்குவதைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"இது எப்போதாவது நடப்பதா?"

"தெனமுந்தாங்கய்யா!" என்றார் தங்கசாமி பெருமையாக.

அருஞ்சுனை கலங்கிப்போனார். அங்கேயே கூட்டம் கூடியது. "பெரும் பிழை நேர்ந்துவிட்டது. தூக்கிச் செல்வோர் என்ற நான்காம் வகையினரை மறந்துவிட்டோம். இந்த வழக்கம் நலிந்துவிடாமல் காக்க, வழிநெடுகக் குழாய்கள் நட உத்தேசம். உங்கள் கருத்து?"

"சார், இருக்குற குழாய எடுத்துட்டாப் போதும், நானே போயிக்கிருவேன்" என்றான் முத்துராஜ்.

"எடுத்துவிட்டால் இவர்கள் எதற்காகத் தூக்குவார்கள்? யோசித்துப் பேசுங்கள், தம்பி. ஆதரிப்போர் கை தூக்கலாம்."

"வர்ற திட்டத்த வேணாம்னு சொல்லப்படாதுப்பா, பக்கத்து ஊருக்குப் போயிரும்" என்றாள் வெள்ளைத்தாய். அத்தனை கைகளும் உயர்ந்தன.

முத்துராஜ் சுற்றிலும் பார்த்தான். காலையில் அவனைத் தூக்கிய நாலு பேரும், சாயங்காலம் தூக்க வேண்டிய நாலு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனும் கையைத் தூக்கினான்.