மேலே ஒரு லேயர்

வாசகரே, மனிதரில் ‘மேலே போடுபவர்’ என்று ஓர் இனம் உண்டு. பழையதைப் பெயர்த்தெடுப்பது, அடைப்பை நீக்குவது, ஓட்டையை அடைப்பது போன்ற அற்ப வேலைகள் இவருக்கு ஒத்துவராது. எது கெட்டாலும் அதன் தலைமேல் புதிதாக ஒன்றைப் போட்டு, ரிப்பன் கட்டி, வெட்டிவிட வேண்டும். இவர் இல்லாத ஊராட்சி உண்டா?

நல்ல மாதிரி ஒன்று பார்க்க வேண்டுமானால் ஒரகடத்தில் ஷேர் ஆட்டோ ஏறுங்கள். கம்பெனிச் சுவர்கள் முடிந்து வாடகை அறைகள் தொடங்கும் இடத்தில் ஓர் ஊராட்சி வரும். பெயர் வேண்டாம், வம்பு. அதன் தலைவர் சரோஜா. ஆனால் ‘தலைவரே!’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் அவர் கணவர் தாண்டவராயன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், காரின் நெற்றியில் பதவிப் பலகை எல்லாம் இவருக்கு. கையெழுத்து மட்டும் சரோஜாவுக்கு. ஒப்பந்தங்கள் சரோஜாவின் தம்பி சுபாஷுக்கு. டெண்டருக்கு மூன்று பேர் போட்டி போட வேண்டுமாமே? விதியை மீறும் பழக்கம் தாண்டவராயனுக்குக் கிடையாது. மூன்று உறைகளும் சுபாஷின் புல்லட்டிலேயே வந்து சேரும்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியது போட வேண்டும் என்றுதான் எஸ்டிமேட் சொல்கிறது. சுரண்டுவதற்குத் திறப்பு விழா நடத்த முடியுமா? மாலை போடுவார்களா? எனவே சிமெண்டின் மேல் தார், தாரின் மேல் மறுபடியும் தார், அதன் மேல் பேவர் பிளாக். தலைவர் வீட்டு வாசல் என்பதால் அங்கே மட்டும் பாசமாக இன்னொரு லேயர். ரோடு வளர்ந்தது. வீடுகள் பள்ளத்துக்குப் போயின.

தெருக் கடைசி அறையில் வாடகைக்கு இருப்பவள் இசக்கிசெல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஃபேக்டரியில் லைன் வேலை. கிராமசபையில் எழுந்து கேட்டேவிட்டாள்.

“அண்ணாச்சி, மழ பெஞ்சா ரோட்டுத் தண்ணி பூரா எங்க ரூமுக்குள்ளதான் வருது. ஷிஃப்ட் முடிச்சு வந்தா பாய் மெதக்கு. பழச சொரண்டிட்டுப் போடுங்கன்னா கேக்க மாட்டேங்கியளே!”

“இன்னாம்மா நீ? ஊரு முன்னேறிக்கினு கீது, நீ தண்ணி தண்ணின்னுகினு கீற. மேல ஒரு லேயர் போட்டா சரியாப் பூடும்!” என்றார் தாண்டவராயன்.

ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அவரவர் வாசல்படியை அவரவர் உயர்த்திக் கட்டி, தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்ட புத்திசாலிகள். தள்ளத் தள்ளத் தண்ணீர் கடைசி அறைக்குப் போனது.

தாண்டவராயனால் மட்டும் படி கட்ட முடியவில்லை. வெள்ளைக் கார் உள்ளே இறங்க வேண்டுமே! ஐப்பசி மழையில் சரோஜாவின் சமையலறைக்குள் வெள்ளம் புகுந்தது. காலி சிலிண்டர் மிதந்து வந்து சரோஜாவின் முழங்காலில் முட்டியது. அவர் கணவரைப் பார்த்துக் கத்தினார்.

“இது வூடா, கெணறாய்யா? பழச எடுக்காம இனிமே எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆமா!”

கையெழுத்து இல்லையென்றால் பில் இல்லை. பில் இல்லையென்றால் தாண்டவராயன் இல்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார். கெஞ்சினார், மாமியாரைக் கூட்டிவந்தார், கோயிலுக்குப் போகலாமா என்றார். சரோஜா மசியவில்லை. கடைசியில் ஜேசிபி வந்து தோண்டியது, சுத்தமாக, அடி சிமெண்ட் வரை. எங்கே? தலைவர் வீட்டு வாசலில் மட்டும்.

அடுத்த மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் தலைவரைப் பார்க்க வந்துவிட்டது. தாண்டவராயன் இடுப்பளவு நீரில் நின்றார். தோண்டிய பள்ளத்தில் கார் மூழ்கி நின்றது. பதவிப் பலகை மட்டும் தெரிந்தது. மேட்டிலிருந்து இசக்கிசெல்வி எட்டிப் பார்த்தாள்.

“ரொம்ப நன்றி அண்ணாச்சி. இந்த மழைக்கு எங்க பாய் நனையவே இல்ல.”

தாண்டவராயன் அவளைக் கவனிக்கவில்லை. போனில் சுபாஷோடு பேசிக்கொண்டிருந்தார். “மச்சான், கீழ தண்ணி வந்தா இன்னா? வூட்டு மேல ஒரு மாடி போட்டுக்கலாம்பா!”

சரோஜாவுக்கு வெறுத்தேபோயிற்று. பேனாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலைவரானபின் முதல்முறையாகத் தனியாக, ஊராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார். “செல்வி, எங்கேர்ந்து எது வரைக்கும் தோண்டணும், வந்து காட்டு” என்று அவளையும் கூட்டிக்கொண்டார்.

தெரு முழுவதும் தோண்டப்பட்டது. அப்போதுதான் ஊரே சண்டைக்கு வந்தது. ரோடு இறங்கிவிட்டதா, உயர்த்திக் கட்டிய படிகளெல்லாம் அந்தரத்தில் நின்றன. வாசலிலிருந்து குதிக்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் வாய் திறக்காதவர்கள் கூவினார்கள்: “தாண்டவராயன் இருந்தவரைக்கும் இந்தத் தொல்லை உண்டா?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்குமுன் ஒருமுறை எழுந்துபோய் உங்கள் வாசல்படியைப் பார்த்துவிட்டு வாருங்கள். போன மழைக்குப் பிறகு அதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினீர்கள் அல்லவா? பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?