மூடாத யன்னலும் திறக்காத வாயும்

ஒரு விடுகதை. விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று பேர். ஒருவர் சொந்தக்காரர், அங்கே குடியிருக்கமாட்டார். ஒருவர் பாதி வாடகை கொடுப்பவர், அவரும் குடியிருக்கமாட்டார். மூன்றாமவர் குடியிருப்பார், ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் பயப்படுவார். அது என்ன வீடு?

கனடாவில், ஸ்காபரோவில் ஏழாம் மாடியில் இருக்கும் எங்கள் வீடு. பாதி வாடகையைக் கொடுப்பது வீட்டு உதவி அலுவலகம். ஆணிக்குப் பயந்தவர் பஸ்ரியன், அதாவது நான்.

நான்கு வருடம் பட்டியலில் காத்திருந்து, 1994இல் கிடைத்த வீடு. ஆறு வயது மகள் செலீனுக்குத் தனி அறையும் உண்டு. அந்த அறையின் யன்னல்தான் மூடாது. இரண்டு விரல் இடைவெளி. தை மாதக் காற்று அதற்குள்ளால் வந்து செலீனின் புத்தகத்தை அவளுக்கு முன்பே வாசித்து முடித்துவிடும். பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு படம் வரைந்தாள்.

"பில்டிங் மனேஜரிட்டைச் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி யூஜினி.

"உனக்கென்ன விசரே? கொழும்பிலை, வெள்ளவத்தையிலை குழாய் ஒழுகுது எண்டு ஒருக்காத்தான் சொன்னனான். அடுத்த நாள் பெட்டியோடை றோட்டிலை நிண்டம். மறந்துபோனியோ?"

"இது வெள்ளவத்தையே?"

"வீட்டுக்காரர் எங்கையும் வீட்டுக்காரர்தான்!"

அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டைப் பார்வையிட ஓர் அதிகாரி வருகிறாராம். நான் சபதம் எடுத்தேன். என் வீட்டில் அவர் ஒரு குறையும் காணக்கூடாது! யன்னல் இடைவெளியில் நான் இடுப்பில் கட்டும் சாரங்கள் இரண்டையும் திணித்தேன். மேலே தடித்த திரைச்சீலை தொங்கவிட்டேன்.

"நான்தான் கதைப்பன். நீ வாயே திறக்கக்கூடாது."

"ஓம்."

"ஒரு சொல்லும்!"

"ஓமெண்டுறன்."

எங்கள் பத்து வருடத் திருமணத்தில் அவள் இவ்வளவு கெதியாக ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அதிகாரி வந்தார். உயரமான அம்மையார். யூஜினி வாய் திறக்காமல் சிரித்தாள். மரியாதையாக அவருடைய கோட்டை வாங்கினாள். சால்வையையும் வாங்கினாள். நேரே செலீனின் அறைக்கு அழைத்துப்போய், திரைச்சீலைக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள்.

"குறையே இல்லை, மடம்! இது சொர்க்கம்," என்றேன்.

திரைச்சீலை கப்பல் பாய்போல உப்பியது. அம்மையாரின் தலைமயிர் எழுந்து நின்றது. தேத்தண்ணி ஆவி மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடியது. சாரங்கள் எங்கே? எட்டிப் பார்த்தேன். குளியலறையில் தோய்த்துக் காயப்போட்டபடி தொங்கின.

அம்மையார் நடுங்கிக்கொண்டே திரையை விலக்கினார். "இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை? திருத்துவது வீட்டுக்காரரின் வேலை. அவர் திருத்துகிறாரா என்று பார்ப்பது எங்கள் வேலை. பழுது என்று சொல்வது உங்கள் வேலை. உங்கள் வேலையை நீங்கள் செய்யவில்லையே!"

"சொன்னால் வீடு போயிடுமே, மடம்!"

"சொன்னதற்காக வீடு போகாது. யாருக்கும் சொல்லவேயில்லையா?"

யூஜினி மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மனேஜருக்கு அனுப்பிய முறைப்பாட்டின் பிரதி. மூன்று கிழமைக்கு முந்திய திகதி. அடியில் கையெழுத்து என்னுடையது! செலீனின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு என்று யூஜினி நீட்ட, நான் வாசிக்காமலே போட்ட கையெழுத்து.

அம்மையார் என் கையைக் குலுக்கினார். "மன்னியுங்கள், மிஸ்டர் பஸ்ரியன். பொறுப்பான குடியிருப்பாளர் நீங்கள்!" எங்கள் தொலைபேசியிலேயே மனேஜரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார்.

அவர் போனதும் யூஜினி கேட்டாள்: "இனி வாய் திறக்கலாமோ?"

"திற."

"சாரம் இன்னும் காயேல்லை."

வியாழக்கிழமை வேலையாட்கள் வந்தார்கள். புது யன்னல் பூட்ட இரண்டு நாள். அதுவரை செலீன் எங்கள் அறையில் படுக்க வேண்டும். கட்டிலோ இரண்டு பேருக்குத்தான். ஒருவர் ஹோலில் சோபாவுக்குப் போகவேண்டும்.

"பிள்ளையே சொல்லட்டும்," என்றாள் யூஜினி.

நான் ஒரு பெரிய சொக்லேற் கொடுத்தேன். இரண்டு கதை சொல்வதாகவும் வாக்களித்தேன்.

செலீன் சொக்லேற்றை வாங்கினாள். அம்மாவோடு படுப்பதாகச் சொன்னாள்.