சன்னலைத் திறந்துவைத்த தேர்வுக்குழு

நீஷ் நகரம், வெள்ளிக்கிழமை

பாசமுள்ள தெசாங்கா அக்காவுக்கு, உன் தம்பி விதோசவ் கன்னங்களில் மூன்று முத்தமிட்டு எழுதுவது. நீயும் அத்தானும், அத்தானைவிடப் புத்திசாலிகளான அவருடைய கோழிகளும் நலம்தானே? நான் நலமில்லை. கழுத்து திரும்பவில்லை.

எல்லாம் உன்னால்தான். காலுறை ஆலை மூடியதிலிருந்து சும்மா இருக்கிறாயே, பெற்றோர் இல்லாத பிள்ளைகள் வளரும் இளைஞர் இல்லத்தில் துணைப் பணியாளர் வேலைக்குப் போ என்றாய். அங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிள்ளைகளேயாம்! இயக்குநர் அம்மாள் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார், வாய் திறக்க அவருக்கு அனுமதியில்லை. மூன்று பேர் கொண்ட குழு, தலைவி கோசராவுக்குப் பதினாறு வயது. வந்ததும் எதிரெதிர் சன்னல்கள் இரண்டையும் திறந்துவிட்டு என்னை நடுவில் உட்கார வைத்தாள். பிப்ரவரியில், அக்கா! ஊடுகாற்று பட்டால் ஆள் காலி என்று நம் அம்மா சொல்லிச்சொல்லி வளர்த்தாளே, இதுகளுக்குச் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது.

"தாயே, மூடும்மா, கழுத்து பிடிச்சுக்கும்!"

"ஓட்டு எடுத்துடலாம் மாமா."

எடுத்தார்கள். நான் மட்டும் மூடச் சொன்னேன், தோற்றேன். வேறு வழியில்லாமல் மேசைவிரிப்பை உருவிக் கழுத்தில் சுற்றினேன், காபிக் கோப்பைகள் அத்தனையும் இயக்குநர் மடியில் கவிழ்ந்தன. "பசங்க திட்டினா என்ன செய்வீங்க?" என்றாள் கோசரா. "திருப்பித் திட்டுவேன்" என்று உளறிவிட்டேன். "சரி, நீங்க போகலாம்" என்றாள். அதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது; பதற்றத்தில் வியர்த்த உடம்போடு வெளியே பனியில் போவதா? "கழுத்து சரியாகிற வரைக்கும் நகரமாட்டேன், என்ன பண்ணுவியோ பண்ணு" என்று உட்கார்ந்துவிட்டேன். விளக்கு போட்டார்கள், சூப் குடித்தார்கள், எனக்கும் ஒரு கிண்ணம் தள்ளினார்கள். அவர்கள் படுக்கப் போன பிறகுதான் எழுந்து வீடு வந்தேன்.

ஆக, வேலை போயிற்று. அத்தானின் பண்ணையில் முட்டை பொறுக்க வருகிறேன், ஒரு கட்டில் போட்டுவை. உன் குடும்பத்தை ஆண்டவர் காக்கட்டும், குறிப்பாக ஊடுகாற்றிலிருந்து.

உன்
விதோசவ்

பி.கு.: கட்டில் வேண்டாம். இப்போதுதான் கோசரா தொலைபேசியில் பேசினாள். "உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வேலைக்கு வந்தாங்க மாமா. எல்லாரும் பேட்டியில அழகாத்தான் பேசினாங்க, ஆனா ஒருத்தரும் எங்களோட இருக்கல. போங்கன்னு சொல்லியும் போகாதது நீங்க ஒருத்தர்தான். திங்கக்கிழமை வந்துடுங்க." அழுதுவிட்டேன் அக்கா, கழுத்து வலியால் இல்லை. என் கம்பளி உள்சட்டைகளை உடனே அனுப்பு. சன்னலை மூடமாட்டார்களாம்.