தழும்பின் நீளம்

சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளி வெங்கடேஷின் கணையக் குழாயில் மூன்று கற்கள் இருந்ததைப் பற்றி அரசுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அவற்றில் இரண்டை எடுத்த விதத்தில்தான் ஆட்சேபணை.

சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி என்று ஒரு வருஷம் தறியடியிலேயே சுருண்டவர் அவர். மதுரை டாக்டர் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லைப் பொடித்தார். பிறகு வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, பொடியைக் குடலுக்குள் தள்ளினார். மூன்றாவது கல் பிடிவாதக்காரக் கல்; அசையவில்லை. கணையக் குழாய் அடைக்காமலிருக்க ஒரு ஸ்டென்டை வைத்து, "மூணு மாசத்துக்குள்ள வந்துரணும். விட்டா ஸ்டென்டும் அடைச்சு, வலியோட காய்ச்சலும் சேந்துக்கும்" என்று அனுப்பினார்.

இரண்டாம் சிகிச்சைக்குத் தொழிலாளர் நலத்திட்ட அலுவலகம் அனுமதி தரவேண்டும். அங்கே கண்காணிப்பாளர் நமச்சிவாயம் நல்ல மனிதர். நோயாளிகளை நிற்கவைத்துப் பேசமாட்டார். உட்காரவைத்துத்தான் திருப்பி அனுப்புவார்.

"படிவத்துல ஏழாம் கட்டம் காலியா இருக்கே. முதல் ஆபரேஷன் தழும்போட நீளம், போட்டோவோட வேணும்."

"தழும்பே கிடையாது சார். வாய் வழியாத்தான் பண்ணினாக."

"அப்ப வாயைப் போட்டோ எடுத்துட்டு வாரும்."

வெங்கடேஷ் வாயை 'ஆ'வென்று திறந்து எடுத்துக் கொடுத்தார். இருபதாம் நாள் கோப்பு திரும்பியது: 'பல் சிகிச்சை இத்திட்டத்தின் வரம்புக்குள் வராது.'

"சரி, எடுத்த கல்லையாவது காட்டும்."

"அது பொடியாகி, குடல் வழியா... போயிருச்சு சார்."

நமச்சிவாயம் பேனாவை மூடினார். "முக்கியமான ஆதாரத்தை இப்படியா வே விடுவீரு?"

வீட்டிலும் இதே விசாரணைதான். பார்க்க வந்த மைத்துனன் காளிராஜ் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். "ஒரு தையல்கூட இல்ல. இதுக்கா அத்தான் மதுரை வரைக்கும் போனிய? வாழைத்தண்டுச் சாறு குடிச்சிருந்தா போயிருக்கும்லா?" கணையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதற்காக வைத்தியம் சொல்லாமல் இருக்க முடியுமா?

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வலி திரும்பி வந்தது. வெங்கடேஷ் தரையில் கிடந்து புரண்டார். மனைவி லட்சுமிப்ரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அவுகளுக்குத் தழும்புதானே வேணும்? என்கிட்ட இருக்கு. எடுங்க போட்டோவ!"

மகளைச் சிசேரியன் செய்து எடுத்தபோது விழுந்த தழும்பு அது. பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுத்தார்கள்.

நமச்சிவாயம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பன்னிரண்டு சென்டிமீட்டர்! இவ்வளவு லட்சணமான தழும்பை வச்சுக்கிட்டா வே என்னையும் அலையவிட்டீரு?"

அன்றே ஆணை பிறந்தது: 'மேற்படி தழும்பின் வழியாகவே இரண்டாம் சிகிச்சையும் சிக்கனமாக நடத்தப்பட வேண்டும்.' மதுரை டாக்டர் அதைப் படித்தார். இணைப்பிலிருந்த போட்டோவைப் பார்த்தார். "குழந்தை நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல வாய் வழியாகவே மூன்றாவது கல்லையும் எடுத்தார். வலி விட்டுப்போனது. வெங்கடேஷ் ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு பயமில்லாமல் நாலு இட்லி தின்றார்.

அடுத்த மாதம் பக்கத்துத் தறிக்காரர் சலாவுதீனுக்கு நெஞ்சடைப்பு வந்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை நீக்கி, மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெங்கடேஷ் ஒரு கிலோ ஆப்பிளோடு பார்க்கப் போனார்.

"எங்க, காட்டும் பாய்."

சலாவுதீன் கையை நீட்டினார். மணிக்கட்டில் விரலகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி இருந்தது.

"நெஞ்சைக் கிழிக்கலியா?"

"இல்ல வே. இது வழியாவே முடிஞ்சிருச்சு."

வெங்கடேஷ் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றவர், ஆப்பிளில் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.